பரிபூரணத்தின் வெண்ணெய்க் கிருஷ்ணன்

இராஜபாளையத்தில் பிள்ளைப்பேறு பார்த்துவந்த பரிபூரணத்துக்கு எந்த வீட்டிலும் கொல்லை வாசல்தான். வலி கண்டதும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து, கொடி அறுத்து, தாயைத் துடைத்துப் படுக்கவைத்த பிறகு, அந்தக் கை படாமல் தள்ளி நின்று முந்தானையில் நெல்லைக் கொட்டுவார்கள். அவள் கணவன் பால்ச்சாமி ஊருக்குச் சவரம் செய்பவர். அறுப்புக்கு அறுப்பு ஊர் அளக்கும் நெல்தான் இருவருக்கும் பிழைப்பு.

1903 வாக்கில், ஊரின் பெரிய பண்ணை வீட்டு மருமகள் ரங்கம்மாவுக்கு வலி கண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே தவறியிருந்தன. இந்தப் பிள்ளை கால் முதலில் வந்தது. உச்சிப்பொழுதில் உள்ளே போன பரிபூரணம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வெளியே வந்தாள். பையன். அழுதான்.

தீட்டுக் கழிந்த பிறகு ரங்கம்மா அவளைக் கூப்பிட்டு ஒரு பித்தளைக் கிருஷ்ணனைக் கொடுத்தாள். தவழ்ந்தபடி ஒரு கையில் வெண்ணெய் உருண்டையைத் தூக்கிக் காட்டும் கிருஷ்ணன். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நல்ல கனம். கர்ப்பமாக இருக்கும்போது பார்த்துக்கொண்டிரு என்று அவள் அம்மா சீரோடு கொடுத்தது. தூர நின்று போடவில்லை. கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

பரிபூரணம் அதை வீட்டு மாடத்தில் வைத்தாள். எந்த நேரத்தில் பேறு பார்த்து வந்தாலும் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் மாடத்தின் பக்கம் போவாள். புளி போட்டுத் துலக்கி, இருக்கிற மோரோ பழையதோ கிருஷ்ணன் முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்றுதான் ரங்கம்மாவின் மாமியார் வெங்கடம்மாவுக்கு இது தெரிந்தது. பண்ணைக் காரியக்காரர் சோணைமுத்துவை அனுப்பி, அதற்குப் பதிலாகப் பெரிய பித்தளைக் குடமே தருவதாகச் சொன்னாள். பரிபூரணம் மறுத்தாள். இரண்டாவது முறை வந்தவர், அறுப்பு நெல் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பால்ச்சாமி பயந்துபோனார். "அவிய ஊருல இருந்துக்கிட்டு அவியள எதுத்துக்க ஏலுமா? குடுத்துரு."

"நான் கேட்டு வாங்கல. அந்தப் பிள்ள மனசாரத் தந்துச்சு. குடுக்க மாட்டேன்."

சொன்னபடியே அந்த அறுப்புக்குப் பண்ணை நெல் வரவில்லை. அதைப் பார்த்து வேறு சில வீடுகளும் கையைச் சுருக்கின. பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் இருந்த சிற்றூர்களுக்கு நடந்துபோய்ப் பேறு பார்த்தாள். பேறு இல்லாத நாளில் பருத்தி எடுத்தாள். ஊரார், அவள் சாமியைத் திருடி வைத்திருப்பதுபோல் பேசத் தொடங்கினார்கள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே பண்ணை வீட்டுக் கொல்லையில் போய் நின்றாள்.

வெங்கடம்மா வந்தாள். "சாமி இருக்கிற எடம் சுத்தமா இருக்கணும். நீ தீட்டோட வாரவ. ஒனக்கு எதுக்குட்டி அது?"

"தீட்டோடதாம்மா வாரேன். முழுகிட்டுத்தான் அவரத் தொடுதேன். ஒங்க பேரன மொதல்ல தொட்டதும் இந்தக் கைதான். அவன வேண்டாம்னு யாரும் சொல்லலையே."

வெங்கடம்மா பதில் சொல்வதற்குள் ரங்கம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாமியாரிடம் அந்த வீட்டில் பேசும் தெலுங்கில் ஏதோ சொன்னாள். பிறகு பரிபூரணத்துக்கும் விளங்கட்டும் என்று அதையே தமிழில் சொன்னாள். "எங்கம்மா வீட்டுச் சீரு அது. நான்தான் குடுத்தேன். திருப்பிக் கேட்டா எனக்குத்தான் கேவலம்."

மருமகள் எதிர்த்துப் பேசி வெங்கடம்மா அதுவரை கேட்டதில்லை. உள்ளே போய்விட்டாள். ஆனால் மனம் இளகிவிடவில்லை. அடுத்த அறுப்புக்கும் நெல் வரவில்லை.

ரங்கம்மா மறுபடி உண்டானாள். வலி கண்ட அன்று சோணைமுத்துதான் வந்து நின்றார். இப்போதாவது நெல்லைப் பற்றிப் பேசு என்று பால்ச்சாமி சொன்னார். வலியில் துடிக்கிறவளை வைத்துப் பேரம் பேசமாட்டேன் என்று சொல்லிப் பரிபூரணம் உடனே கிளம்பினாள். அன்றும் மறுநாளும் ரங்கம்மாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பெண் பிறந்தது. வெங்கடம்மா தானே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிருஷ்ணனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதற்கடுத்த அறுப்பிலிருந்து பண்ணை நெல் வந்தது.

அந்தப் பேறு முடிந்து வீடு திரும்பியவள் கிணற்றடியில் முழுகிவிட்டு உள்ளே போனாள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிருஷ்ணன் பளிச்சென்று துலக்கப்பட்டிருந்தார். முன்னால் ஒரு சிரட்டையில் மோர். பால்ச்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ வர நேரமாவும்னு தெரிஞ்சிச்சு," என்றார். "அவரு பட்டினியால்லா கெடப்பாரு."