நிறைந்திருந்த டிரம்

நான் கணக்கு வாத்தியார். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், எத்தனை மணி நேரத்தில் நிறையும் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்கியவன். என் வீட்டு டிரம் கணக்குதான் எனக்குப் பிடிபடாமல் போயிற்று.

காளவாசல் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மாடிக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். அதைக் கழிவறைக்கு ஊற்றக் கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் கீழே இறங்கி அடிபம்பில் அடிக்க வேண்டும். என் மனைவிக்கு முட்டிவலி. அதனால் வாஷிங்மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கழிவறை டிரம்மில் பிடித்துக்கொள்வாள். தினம் ஒருமுறை துணி போட்டால் டிரம் தளும்பும். வீடு துடைக்கவும் அதுதான்.

பழைய மெஷின் ரிப்பேரானதும் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் புது மெஷின் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் பீற்றிக்கொள்வேன். “பாத்தியா, இம்புட்டுத் தண்ணிதான் எடுக்குது, டிரம்மும் நெறைஞ்சிருது” என்று அவளிடமே சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாசியில், மாரடைப்பில், ஒரே நாளில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, முதன்முறையாக நானே துணி போட்டேன். மெஷின் ஓடி நின்றது. டிரம்மில் கால்வாசி கூட இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் மெக்கானிக் யாராவது தெரியுமா என்று கேட்டேன்.

“அண்ணே, அதுல அம்புட்டுத்தாண்ணே தண்ணி வரும். நீங்க பள்ளிக்கூடம் போனதும் மதினிதான் தெனமும் நாலஞ்சு வாளி அடிச்சு மேல தூக்கிட்டுப் போவாக. நான் தூக்குறேன்னாலும் விடமாட்டாக. அவருக்கு அந்த மெஷின் மேல அம்புட்டுப் பெருமை, சொல்லிப்புடாதன்னுவாக.”

உள்ளே போகிற தண்ணீர் குறைந்தால் வெளியே வருகிறதும் குறையும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வாளி அடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மொத்தம் இருபது படி. எட்டாவது படியில் மூச்சு வாங்கியது. வாளியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இது முதல் வாளிதான்.