சிவப்பு எழுத்துக்குக் கீழே

பால்டி வட்டாரத்தில் அந்த அடுக்ககத்து ஜைன வீடுகளுக்குள் மிருதுளாபென்னிடம் காட்டாமல் ஒரு பிஸ்கட் பாக்கெட் நுழைந்துவிடாது. மகன் வாங்கித் தந்த போனில் அப்படியொரு வித்தை இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் பிடித்தால் போதும், பொடியெழுத்தில் இருக்கிற எண்ணெல்லாம் என்ன சரக்கு என்று சொல்லிவிடும். பச்சை வந்தால் சாப்பிடலாம், சிவப்பு வந்தால் குப்பைக்கு.

அதற்கு முன் அந்த அம்மாளை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. வந்த மதிப்பு தலைக்கேறியது. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"பச்சைப் புள்ளி போட்டிருக்கே, மிருதுளாபென்?" என்று எதிர்வீட்டு இந்துபென் ஒருமுறை கேட்டாள்.

"உருளைக்கிழங்கு சிப்ஸுக்குந்தான் போட்டிருக்கான். மண்ணுக்குள்ள வெளையுற கிழங்கை, ஜைன வீட்டுக்காரி, தின்னுருவியா நீ? கவர்மெண்ட் புள்ளிய நம்பி நாம வாழ முடியுமா?"

இந்துபென் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள்.

மருமகள் கின்னரி முட்டையில்லாத கேக் செய்து விற்றாள். கை மணம் அப்படி. தெருமுனையில் கடைக்கு இடமும் பார்த்து வைத்திருந்தாள். பர்யூஷண் விரத நாட்கள் முடிந்து நோன்பு திறக்கும் நாளுக்கு வீட்டுக்கு வீடு கேக் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வரும்படிதான் கடைக்கு முன்பணம்.

ஒரு மத்தியானம் மிருதுளாபென் சமையலறை அலமாரியில் கேக் ஜெல் டப்பாவைப் பார்த்தாள். படம் பிடித்தாள். 471 என்ற எண்ணுக்குச் சிவப்பு வந்தது: 'விலங்குக் கொழுப்பு'. மருமகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண்கள் குரூப்பில் குரல் பதிவு போட்டாள்: "என் வீடுன்னு நான் மறைக்கமாட்டேன். கின்னரி கேக்கை யாரும் வாங்காதீங்க. தர்மம்தான் பெருசு."

பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து குவிந்தன. பொழுது சாய்வதற்குள் ஒரு ஆர்டர் மிச்சமில்லை.

கின்னரி அழவில்லை. போனை வாங்கி, சிவப்பு எழுத்துக்குக் கீழே விரலால் தள்ளிக் காட்டினாள். "இதப் படிச்சீங்களா மம்மி? 'விலங்குக் கொழுப்பாகவோ தாவர எண்ணெயாகவோ இருக்கலாம்.' கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன். பாமாயில். அதனாலதான் பச்சைப் புள்ளி."

மிருதுளாபென் படித்தாள். இத்தனை நாளும் சிவப்புக்குக் கீழே அவள் போனதே இல்லை. தப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் இதைக் குரூப்பில் சொன்னால் நாளைக்கு எவள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள்?

"எனக்கென்னடி தெரியும்? போன் சொன்னத நான் சொன்னேன்," என்று எழுந்து போய்விட்டாள். போன் மேல் பழியைப் போட்டால் அது திருப்பிப் பேசவா போகிறது!

கடைக்குப் பார்த்த இடத்தில் வேறு யாரோ போன் ரீசார்ஜ் கடை வைத்தார்கள்.

பர்யூஷணின் கடைசி நாளான சம்வத்ஸரி வந்தது. வருஷத்துக் குற்றத்துக்கெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாள். மிருதுளாபென் மாடி மாடியாக ஏறி இறங்கி, கைகூப்பி 'மிச்சாமி துக்கடம்' சொன்னாள். முட்டிவலியோடு வந்தாளே என்று எல்லாரும் உருகினார்கள்.

கடைசியாக வீட்டுக்கு வந்து மருமகள் முன்னால் நின்றாள். "மிச்சாமி துக்கடம், கின்னரி."

"எதுக்கு மம்மி?"

"எதுக்குன்னா... எல்லாத்துக்கும்தான். தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது."

"கேக்குக்குன்னு சொல்லுங்க. இங்க வேணாம், குரூப்ல."

அந்த நேரம் பார்த்து வாசலில் இந்துபென் குரல் கேட்டது. "மிருதுளாபென், புதுசா ஒரு சாக்லேட் வந்திருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"இதோ வந்துட்டேன்," என்று அவள் போனை எடுத்துக்கொண்டு போனாள்.