நோலீனின் பதினேழாவது அட்டை

"பேர் எங்க?" நோலீன் ஹாட்கின்ஸ் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது இதைத்தான்.

நான் செய்த முதல் அட்டையை அவரிடம் நீட்டியிருந்தேன். படத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"எந்தப் பேர்?" என்றேன்.

"உன் பேர்தான். பின்னால பேரு, தேதி, எத்தனையில எத்தனாவதுன்னு எழுதணும். எழுதலன்னா இது கார்டே இல்ல. வெறும் காகிதத் துண்டு."

"மறந்துட்டேன்."

"மறந்தா எங்க போகும் தெரியுமா? அதோ." மேசை நடுவில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். அதில் வெட்டித் தள்ளிய காகிதத் துணுக்குகள் நிரம்பியிருந்தன.

எதிரே உட்கார்ந்திருந்த பெவ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மொத நாளே புள்ளைய மிரட்டாத நோலீன். ஒரு பேனாவக் குடு."

"விதின்னா விதி, பெவ்."

"உன் புருஷன் முதுகுலயும் இப்படித்தான் பேர் எழுதி வச்சிருந்தியா?"

"எழுதியிருந்தா யாராவது திருப்பி அனுப்பியிருப்பாங்களே. அந்த ஒண்ணுலதான் கோட்டை விட்டுட்டேன்."

பேனா வந்தது. எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தைப் பார்த்தார். "ம். அந்த ஆரஞ்சு பரவால்ல."

எங்கள் ஊரான பர்னியின் நூலகப் பின்னறையில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் கூடுவோம். ஆறு பேர். அறைச் சாவி என்னிடம் இருக்கும், நான் அங்கே வேலை பார்க்கிறேன். செய்வது சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் சின்னச் சின்னப் பட அட்டைகள். எல்லாம் குப்பைக்குப் போகிற காகிதத்தில். யாரும் விற்க மாட்டோம், வாங்கவும் மாட்டோம். ஒரு சுற்றுக்கு ஒன்பது அட்டை செய்து, சுற்றை நடத்துகிறவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் எல்லாருடையதையும் கலந்து, ஆளுக்கு ஒன்பதாகத் திருப்பி அனுப்புவார். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் சேர்வதால் யாருடையது யாருக்கு வரும் என்று தெரியாது. வந்த அட்டையை இன்னொரு அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

நோலீன் நகரக் குப்பைக் கிடங்கின் பழம்பொருள் கடையில் வேலை செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. காகிதத்துக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. உள்பக்கம் நீலக் கோடு போட்ட வங்கி உறைகள், தையல் மாதிரித் தாள்கள், விதைப் பொட்டலங்கள், பழைய கடல் அலை அட்டவணைகள். உறைகளைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிப்பார். எதற்கும் உதவாத துணுக்குகளை உடைந்த மூடி போட்ட மிக்ஸியில் அடித்துக் கூழாக்கி, அதிலிருந்து புது அட்டை எடுப்பார்.

அவர் வாழ்க்கையில் நிறைவேறாத ஆசை எது என்று கேட்டால், ஓடிப்போன கணவரைச் சொல்ல மாட்டார். ஹூயியாவின் துறைமுகத்தைத்தான் சொல்வார்.

ஹூயியா நியூசிலாந்தில் இருக்கிறார். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. முன்பொரு காலம் மூன்று சுற்றுகளில் மொத்தம் இருபத்தேழு அட்டைகள் அனுப்பினார். தேநீர்ப் பையின் தாள், பேருந்துச் சீட்டு, பழப்பெட்டிக் காகிதம் இவற்றால் செய்தவை. ஒவ்வொன்றும் தனியாக அழகுதான். எட்டாவது அட்டை கைக்கு வந்த அன்றுதான், ஒன்றின் ஓரத்தில் முடிகிற கயிறு இன்னொன்றின் ஓரத்தில் தொடர்வதை நோலீன் கவனித்தார். வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசை வைத்தால் ஒரே துறைமுகம். ஹூயியா அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஐந்து வருடம். பெர்த், டனீடின், டவுன்ஸ்வில் என்று பல ஊர்களில் இருந்த எல்லாருக்கும் எழுதி, தன் நல்ல அட்டைகளையெல்லாம் மாற்றாகக் கொடுத்து, இருபத்தாறைச் சேர்த்துவிட்டார். கிடைக்காதது பதினேழு. இரண்டாவது வரிசையில் எட்டாவது. நீளமான மஞ்சள் பாரந்தூக்கியின் கை மேலே இருக்கிறது, கால்கள் கீழே இருக்கின்றன. நடுவில் மேசைப் பலகை தெரியும் ஓட்டை.

"யாரோ அத வச்சுக்கிட்டு வேணும்னே குடுக்க மாட்டேங்கறாங்க" என்பார். "இல்ல ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருப்பா எவளாவது. அதுங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வேல?"

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை துறைமுகத்தை மேசையில் பரப்பியிருந்தார். பெவ் தேநீரோடு வந்து அந்த ஓட்டையை எட்டிப் பார்த்தார். சுற்றிலும் இருந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு தன் அட்டை ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார்.

"நோலீன், நீ செஞ்ச எலுமிச்ச மரக் கார்டு ஒண்ணு எங்கிட்ட இருக்குல்ல?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"இதுல ஒரு எலுமிச்சைக்குள்ள தொப்பி போட்ட ஆளு உக்காந்திருக்கான். நீ ஏதோ தமாஷுக்குச் செஞ்சேன்னு நெனச்சேன்."

நோலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வட்டமான மஞ்சள் துண்டுக்குள் பாரந்தூக்கியின் சின்ன ஜன்னல். ஜன்னலில் தொப்பிக்காரன்.

நோலீன் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவரே சொன்னார், சொல்லச் சொல்ல முகம் சிவந்தது. ஹூயியா கலந்துகொண்ட முதல் சுற்றை நடத்தியது நோலீன்தான். ஹூயியாவிடமிருந்து வந்த ஒன்பதில் ஒன்றின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேரில்லை, எண்ணில்லை. விதிப்படி அது அட்டையே இல்லை. 'பெயரில்லாத ஒன்று தள்ளுபடி' என்று சீட்டெழுதி, எட்டுக்கு எட்டு மட்டும் திருப்பி அனுப்பினார். ஒன்பதாவது அட்டை பிஸ்கட் டப்பாவுக்குப் போனது. அடுத்த மாதம் தன் எலுமிச்சை மர அட்டைகளுக்கு மஞ்சள் தேவைப்பட்டது. வட்டமாகத் துளையிடும் பஞ்ச் கருவியை எடுத்து, அந்த அட்டையிலிருந்து மரத்துக்கு ஒன்றாக ஒன்பது பழம் வெட்டினார்.

"மிச்சம்?" என்றார் பெவ்.

"மிக்ஸியில போட்டேன்."

"அஞ்சு வருஷமா ஊரையே திட்டினியேடி!"

"வாய மூடு, பெவ்."

பெவ் தன் எலுமிச்சை மர அட்டையை மேசையில் தள்ளினார். அறையிலிருந்தே இன்னும் இரண்டு கிடைத்தன. யாரும் மாற்று கேட்கவில்லை, அதுவே நோலீனுக்கு இன்னும் எரிச்சல். மூன்று வட்டங்களையும் உரித்து ஓட்டையில் வைத்துப் பார்த்தார். ஒன்பதும் கிடைத்தாலும் பஞ்ச் வட்டங்களுக்கு இடையில் இருந்த காகிதம் கிடைக்காது. "எலிப் பொந்து மாதிரி இருக்கு" என்று வாரி எடுத்தார். அன்று மேசையைத் துடைக்காமலே போனார்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாவதற்கு வந்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஹூயியாவக் கேளேன். இன்னொண்ணு செஞ்சு தருவா" என்றார் பெவ்.

"என்னன்னு கேக்கறது? 'நீ பேர் போடலன்னு உன் கார்ட வெட்டிட்டேன், இப்ப அதே மாதிரி ஒண்ணு குடு'ன்னா? அதுவும் இப்படித்தான் வேணும்னு கேட்டுச் செய்யச் சொல்றதா? நம்மள்ல யாராவது அப்படிக் கேட்டிருக்கோமா?"

"கேட்டதில்ல. வெட்டினதும் இல்ல."

நோலீன் கையில் கிடைத்த உறையை நான்காகக் கிழித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகக் கவுன்டருக்கு வந்தார். கடையின் பச்சை மேலங்கி அப்படியே இருந்தது. பாக்கெட்டிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்றும் ஹூயியாவுக்குத் தொடங்கிய கடிதங்கள். முதலாவது, பேர் எழுதாமல் அனுப்புவதால் வரும் தொல்லைகளை விளக்கியது. இரண்டாவது, தபால் தாமதத்தைக் குறை சொன்னது. மூன்றாவதில் 'அன்புள்ள ஹூயியா' மட்டும் இருந்தது.

"நான் எழுதினா சண்ட போடற மாதிரியே வருது, கண்ணு" என்றார். "நீ எழுதிக் குடேன். நாந்தான் வெட்டினேன்னு சொல்லிடு, மறைக்க வேணாம். ஆனா மொத வரியில வேணாம். அவ ரெண்டாவது கப் டீ ஊத்திக்கற நேரத்துக்கு வர்ற மாதிரி, நடுவுல எங்கயாவது எழுது."