வரட்டிக்குள் போன வெள்ளரிப்பழம்

கொல்லையில் வெள்ளரிப்பழக் கொடி போட்டுக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தவர்களே, உங்கள் முதுகும் என் முதுகைப்போல் வளைந்துதான் இருக்கும். ஆகையால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் ஊதிச் சொல்லுவேன்.

விதை வந்தது

யுத்த காலம். ஜேடர்பாளையத்தில் ஆற்று மணலில் கொடி போடும் என் அக்கா புருஷன், மச்சான், ஒரு கைப்பிடி விதை கொடுத்தார். பால் வெள்ளைப் பழம், மேலே மஞ்சள் கோடு, முழ நீளம். நான் சொன்னால் ஒன்றரை முழம். அந்த ரகம் அவரிடம் தவிர எங்கும் கிடையாது. "பத்திரம் மாப்ளே, என்னுது போச்சுன்னா உங்கிட்டத்தான் வருவேன்" என்றார்.

அந்த இடத்தில் அவரைக்கொடி போட ஆசைப்பட்டிருந்த என் மனைவி நல்லம்மாள் விதையை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தக் கோடைல ஒரு பழமாச்சும் முழுசா ஊட்டுக்குள்ள வரோணும். இல்லீன்னா அவரப்பந்தல்தானுங்க."

குண்டு

மற்ற வெள்ளரி பழுத்தால் விரியும். இது வெடிக்கும். முதல் பழம் வெடித்த மத்தியானம் கோழிகள் கூரை ஏறின; எருமை முளைக்குச்சியோடு சேந்தமங்கலம் ரோட்டில் போய் நின்றது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே நடுங்கிய சமயம் அது. மணியக்காரர் தடியோடு ஓடி வந்தார், பின்னால் பாதி ஊர். சிதறிக் கிடந்ததைக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"ஏனுங்க, அடுத்த குண்டு எப்பப் போடுவானுங்க?"

தூளி

அடுத்த பழத்தை விடக் கூடாது என்று கொடியை வேப்பங்கிளையில் ஏற்றினேன். நல்லம்மாளின் பழஞ்சேலையைக் கிழித்துப் பழத்தை இறுகச் சுற்றி, கிளையில் தூளி கட்டிப் படுக்க வைத்தேன். ராசிபுரத்திலிருந்து வந்த கொழுந்தியா செல்லாயி, கால் கழுவக் கொல்லைக்குப் போனவள், தூளியைப் பார்த்துவிட்டாள். அக்காளுக்கு நாற்பது தாண்டியாயிற்றே என்று திகைத்தாலும், வழக்கப்படி மெதுவாக ஆட்டினாள். அப்புறம்தான் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

"அழுவவே இல்லீங்களே மாமா! அப்பனாட்டமே சோம்பேறி."

சுவர்

அந்தப் பழம் உடையாமல் வீட்டுக்குள் வந்தது. அவரைப்பந்தல் தள்ளிப் போனது. நாட்டுச்சர்க்கரை தொட்டுச் செல்லாயி பாதியைத் தின்று, ஊருக்கும் ஒரு கீற்று மடியில் கட்டிக்கொண்டாள். மீதி விதையைப் பூச்சி அண்டாமல் சாணியும் சாம்பலுமாகப் பிசைந்து சுவரில் தட்டினேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் விதை காப்போம். ஆனால் நல்லம்மாள் அடுப்புக்கு வரட்டி தட்டும் சுவரும் அதுவே என்பதை மறந்தேன்.

ஐப்பசியில் காவிரி பெருகி மச்சானின் விதைக் கலயத்தை அடித்துப் போயிற்று. தையில் விதை கேட்டு வந்தார். மரியாதைக்குக் குளிக்க வெந்நீர் வைத்தோம். அவர் தலை துவட்டும்போது சுவரைப் பார்த்தேன். என் வரட்டி இருந்த இடம் வட்டமாய்க் காலி. மனுஷர் தன் விதையை எரித்தே குளித்திருக்கிறார்! நல்லம்மாளிடம் பாய்ந்தேன்.

"சொவத்துல இருந்தா வரட்டி. பேரெழுதியா ஒட்டுனீங்க?"

துவைக்கிற கல்

விதை இல்லாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று மச்சான் உட்கார்ந்துவிட்டார். என்மேல் இருந்த கோபத்தில் வேளைக்கு எட்டு உருண்டை களி தின்றார். ஐந்தாம் நாள், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸிலிருந்து செல்லாயி கூடையோடு இறங்கினாள். உள்ளே துணி சுற்றிய மூன்று பழங்கள். பால் வெள்ளை, மஞ்சள் கோடு! அன்று கொண்டுபோன கீற்றைத் தின்று, விதையைத் துவைக்கிற கல்லோரம் துப்பியிருக்கிறாள். ஐப்பசி மழைக்கு அது தானே முளைத்துப் படர்ந்திருக்கிறது. மச்சான் ஒரு பழத்தை மடியில் கிடத்திக் கண் கலங்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க பொத்தி வெச்சது அடுப்புக்குப் போச்சு, நாந் துப்புனது காச்சிருச்சு. இதுல யாருங்க மாமா வெள்ளாம தெரிஞ்சவுங்க?"

அன்று முதல் என் வீட்டில் பழம் தின்றவர் எவரானாலும், விதையை எங்கே துப்பப் போகிறார் என்று கேட்டுக்கொண்ட பிறகே பஸ் ஏற்றுகிறேன்.