அப்படி ஒருவர் இல்லை

கூனிமேட்டில் காசிம் பாய் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, "ஐடி இருக்குதாம்மா?" என்று கேட்டார். அகதி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். முகாமில் ஐடி என்றால் அதுதான். அது இல்லாவிட்டால் அரிசி கிடையாது. பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திருப்பித் தந்தார். "இது இல்லம்மா, மெயில் ஐடி." பிறகு அவரே எனக்கு ஒன்று உண்டாக்கிக் கொடுத்தார். இந்தக் கரையில் யாரும் மெயில் என்றுகூடச் சொல்வதில்லை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். கடிதம், அரட்டை, தேடல் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. "உலகமே இதுலதாங்க இருக்குது. காசும் கேக்க மாட்டான்" என்றார் பாய்.

என் கணவர் அந்தோனி அப்போது, கள்ளமாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கையில் இருந்தார். எந்த நாட்டில், எந்த ஊரில் என்று எழுதக் கூடாது என்பது அவர்களுடைய கட்டளை. ஞாயிறுதோறும் உப்பளத்து வேலை இல்லாத நேரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு கூனிமேட்டுக்குப் போவேன். பாய் திறந்து தருவார். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருப்பார் என் கணவர்: நான் சுகம், பிள்ளை நடக்கிறாளா, குளிர் தாங்கேல்லை. நான் சொல்லச் சொல்ல, பதில் என்ற இடத்தை அமுக்கி பாய் அடித்து அனுப்புவார். கணவருடைய முகவரியை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. மன்னாரில் இருக்கும்போது கடிதம் போட வேண்டுமென்றால் முகவரி மனப்பாடமாக இருக்கும். இங்கே அது தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கம்பெனி வைத்திருந்தது.

அந்த மார்கழியில் கடல் ஏறி வந்தது. நாங்கள் மேட்டுக்கு ஓடித் தப்பினோம். உப்புப் பாத்திகளில் சேறு நிறைந்து வேலை போனது. தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. மகளுக்குக் காய்ச்சல் வந்து விடவேயில்லை. சென்டர் மறுபடி திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடியபோது வாரங்கள் பல கடந்திருந்தன. பாய் என் பெயரை அடித்தார். மறுபடியும் அடித்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ரொம்ப நாளா தொறக்கலன்னு மூடிட்டாம்மா. உள்ள இருந்த மெயில் எல்லாத்தையும் அழிச்சிட்டான்."

"அவர் எழுதினால்?"

"அப்படி ஒருத்தர் இல்லைன்னு திரும்பிப் போயிடும்."

இந்தக் கரையைக் கடல் விழுங்கியதை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். அவரும் பார்த்திருப்பார். பதறித் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார். கடைசியில், அப்படி ஒருவர் இல்லை என்று பதில் போயிருக்கும்.

வேறு புது ஐடி உண்டாக்கி, அவருடைய முகவரி இப்படித்தான் இருந்திருக்கும் என்று பாய் பெயரையும் எண்களையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார். "ஆறுதலாப் பாருங்கோ அண்ணை" என்றேன். அவசரப்படாமல் பாருங்கள் என்று சொன்னேன். அவரோ நான் ஆறுதல் கேட்கிறேன் என்று நினைத்து, தட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார். "அல்லா இருக்கான்மா, அழுவாதீங்க" என்றார். அதுவரை நான் அழவில்லை. அப்போதுதான் அழுதேன். அனுப்பியவற்றில் ஒன்றே ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு வந்த பதிலைப் பாய் படித்துச் சொன்னார்: நான் உங்கள் கணவர் இல்லை, கடவுள் உங்களைக் காக்கட்டும் என்று யாரோ எழுதியிருந்தார்.

கம்பெனிக்கும் எழுதினோம். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அதை மனிதர் யாரும் எழுதவில்லை, மெஷின் அனுப்புகிறது என்றார் பாய். "இவையின்ர கந்தோர் எங்கை இருக்கு? நான் நேரே போய்க் கேக்கிறன்" என்றேன். கந்தோர் என்றால் அவருக்குப் புரியவில்லை. ஆபீஸ் என்றேன். "நமக்குத் தெரிஞ்சு இங்க ஆபீஸ்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார். அகதியாக வந்த நாள் முதல் எத்தனையோ கந்தோர்களின் வாசலில் நின்றிருக்கிறேன். வானூரில் வெயிலில் நிற்க வைத்தார்கள், திட்டினார்கள், நாளைக்கு வா என்றார்கள். ஆனாலும் அங்கே ஒரு கதவு இருந்தது. கதவில்லாத இடத்தில் எப்படி முறையிடுவது?

அந்த நாட்களில்தான் முகாமிலிருந்து பிலோமினா அக்கா ஊர் திரும்பினார். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. எங்கள் தெருவில் என் மைத்துனர் இருக்கிறார், என் கணவர் அவரிடமாவது பேசுவார், நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டேன். காசிம் பாயின் கடைத் தொலைபேசி எண்ணையும் சொல்லி அனுப்பினேன். அக்கா போய்ப் பல வாரங்கள் ஒரு தகவலும் இல்லை. முகாமில் சிலர் என்னை விதவையைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பாயின் கடை வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு பாய் வெளியே ஓடி வந்தார். "உங்க வூட்டுக்காரர்! லைன்ல இருக்கார்!"

ரிசீவரில் முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நீதானா?" என்றார். நான்தான் என்றேன். "உங்கள் ரெண்டு பேரின்ர ஆத்துமத்துக்கும் நான் பூசை குடுத்திட்டனடி" என்று சொல்லிவிட்டு அவர் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. அழுது முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். அங்கே தஞ்சம் கேட்டு விசாரணை நடந்தபோது, குடும்பம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

"கடல் கொண்டு போட்டுது எண்டு சொல்லிப்போட்டன்."

"இப்ப மாத்திச் சொல்லலாம்தானே?"

"வக்கீல் வேண்டாம் எண்டுறார். ஒண்டு பொய்யெண்டால் எல்லாம் பொய்யெண்டு திருப்பி அனுப்பிப்போடுவினமாம்."

அவரை அங்கே போகச் சொன்னதே, பிறகு எங்களைக் கூப்பிடுவார் என்றுதான். இறந்தவர்களை யார் கூப்பிடுவார்கள்?

புது ஐடியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பாய் எவ்வளவோ சொல்லிவிட்டார். முகாமில் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. பிள்ளைகள்கூட வெப்கேம் முன்னால் உட்கார்ந்து கனடாவோடு கதைக்கிறார்கள். எனக்கு வேண்டாம். அந்தத் திரையில் என் பெயரை அடித்தால், இல்லை என்று வந்த அந்த வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கணவர் தொலைபேசி அட்டை வாங்கி, பாயின் கடைக்குத்தான் எடுத்துப் பேசுகிறார். சிலசமயம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாங்கள் பிழையைத் திருத்துவதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டோம். குளிரைப் பற்றியும் உப்பைப் பற்றியும் கதைக்கிறோம்.

போன வாரம் மகள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் புறப்பட்டபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. உப்பளத்துப் பிள்ளைகளோடு விளையாடித்தான் பேசக் கற்றாள். "அப்பா, நீ எப்போ வர்றே? அம்மா அழுவுது" என்றாள். மறுமுனையில் அவர் குரல் எனக்கும் கேட்டது: "ஆரது கதைக்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோ?"

நான் அவள் காதில் குனிந்து, "எப்ப வருவீங்கள் எண்டு கேள்" என்றேன்.

அவள் என்னை அந்நியரைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். "அதாம்மா கேட்டேன்" என்றாள்.