பெண் பார்க்க வந்தவர்களைத் தரையில் படுக்க வைத்த காலை

வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த மகள், இந்த முறையாவது ஓம் என்பாளா என்பதுதான் வீட்டில் பெரிய கவலை. மாப்பிள்ளை வீட்டார் காலையில் திரியாய்க் கிராமத்திலிருந்து வருவதாக இருந்தது. "நாளைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்று மனைவி முதல் நாளே எனக்குச் சொல்லிவைத்தாள்.

நானும் மூடத்தான் நினைத்தேன். ஆனால் விடிந்ததிலிருந்து அணு ஏவுகணைகளைப் பற்றி ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தேனே, அவர்கள் வந்து இருந்ததும் தேநீர் வருமுன்பே மாப்பிள்ளையின் தகப்பனைப் பிடித்துக்கொண்டேன்.

"முந்தி, நான் அடிச்சால் அவனும் அடிப்பான் எண்ட பயத்தில அணுகுண்டு வைச்சிருந்த ரெண்டு பக்கமும் சும்மா இருந்தவங்கள். ராடாரில ஏதும் தெரிஞ்சாலும் மெய்யோ பொய்யோ எண்டு பார்க்கக் கொஞ்ச நேரம் கிடைச்சது. இப்ப வாற ஏவுகணை சத்தத்தைவிடப் பல மடங்கு வேகம். வளைஞ்சு வளைஞ்சு வரும். பார்க்க நேரமில்லை. ராடாரில கொக்குக் கூட்டத்தைக் கண்டு பயந்தே பொத்தானை அமத்திப்போடுவாங்கள்."

"அப்ப குண்டைவிட அவசரந்தான் பயம் எண்டுறீங்கள்," என்றார் அவர்.

"ஓம்" என்று நான் தலையாட்ட, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற துறைமுகப் பக்கம் 'டும்' என்றது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"படுங்கோ!"

என்று கத்திக்கொண்டு கதிரையிலிருந்து குப்புற விழுந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன், பட்டுச்சேலையோடு அவர் தாய், என் மனைவி எல்லோரும் படுத்துவிட்டார்கள்; ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. யுத்தம் பழக்கிய ஒழுங்கு: முதலில் படு, பிறகு யோசி. தாயின் பலகாரத் தட்டிலிருந்து உருண்ட லட்டு ஒன்று என் மூக்கடியில் வந்து நின்றது. மறுபடியும் 'டும்'. "கண்ணாடிக்குக் கிட்டப் படுக்காதேங்கோ!" என்று என் கட்டளை வேறு.

தேநீரோடு வந்த மகள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து யன்னலடிக்குப் போனார்.

"அங்கிள், வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒண்டு வருது. மரியாதை வேட்டுப் போடுறாங்கள்."

தகப்பன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "நல்லகாலம் அண்ணை, அந்தப் பொத்தான் உங்கட கையில இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள், மனைவியைத் தவிர. இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நினைத்தேன்.

அவர்கள் போனதும் மனைவி மகளைக் கேட்டாள். "என்ன சொல்லுறாய்?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ. அவர் எழும்பிப் போய்ப் பார்த்தவர் தானே."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "உண்மையான அணுகுண்டெண்டால் யன்னலடியில நிண்டவர்தான் முதல்ல செத்திருப்பார்."

"உண்மையான அணுகுண்டெண்டால் படுத்தாக்களும்தான், அப்பா."

கதிரைக்குக் கீழே கிடந்த லட்டை எடுத்து ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.