மேல்வயல் மண்

தாராவியில் எங்கள் வீட்டு வாசற்படியை உயர்த்திக் கட்ட மேஸ்திரி வந்திருந்தார். மழைக்காலத்தில் சந்துத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, இங்கே ஒவ்வொருவராகப் படியை உயர்த்திக்கொண்டே போகிறோம். அப்போதுதான் போனில் பேங்க் மெசேஜ் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் ஆறு பெருகி வயல்கள் அழிந்ததற்கு அரசு தந்த நிவாரணப் பணம்.

நிலம் என் பேரில் இருக்கிறது. ஆனால் அதில் வாழை போட்டு இழந்தவள் குத்தகைக்காரி இசக்கியம்மாள். பாதிக்கு மேல் கேட்டால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்து வைத்துக்கொண்டுதான் அவளுக்கு போன் போட்டேன்.

"அத மேல வயல் முருகன் அண்ணனுக்கு அனுப்பிருங்க அண்ணாச்சி," என்றாள்.

"அவருக்கு எதுக்கு?"

"தண்ணி அவரு வயல அரிச்சு, மண்ணெல்லாத்தையும் நம்ம வயல்ல கொண்டாந்து போட்டுருக்கு. அங்க இப்ப வெறும் பாறதான் கெடக்கு. பட்டா செத்துப்போன அப்பா பேருல இருக்கதால அவருக்கு நிவாரணமும் வரல."

"உன் வாழை போச்சேம்மா."

"வாழ அடுத்த வருசம் வந்துரும். மண்ணு வருமா?"

தன் வாழை அழுகிக் கிடக்கும் வயலில் நின்றுகொண்டு, காலடியில் கிடப்பது யாருடைய மண் என்று அவள் யோசித்திருக்கிறாள்.

பணத்தை முருகனுக்கே அனுப்பினேன். மேஸ்திரி அடுத்த செங்கல்லை எடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றேன்.

நாங்கள் தடுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை. எங்கள் சந்தில் படி உயர்த்தாத வீடு எதிர்வீடு ஒன்றுதான்.

போய் அந்தக் கதவைத் தட்டினேன்.